கொடுத்ததைத் திரும்பப் பறிக்கலாமா?

2018ஆம் வருஷம், ஆகஸ்டு 13. திங்கட்கிழமை. ஒரு தோளில் டிபன் பாக்ஸ் பை, இன்னொரு தோளில் பதினான்கு மாதக் குழந்தை. கம்பெனி வேனிலிருந்து இறங்கி, வழக்கம்போல் குழந்தைகள் காப்பகத்தின் பக்கம் நடந்தேன். கதவில் பூட்டு! ஆயாவைக் காணோம். எனக்கு முன்னால் வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் இடுப்பில் குழந்தையோடு நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னங்கக்கா எழுதியிருக்குது? படிச்சுச் சொல்லுங்க" என்றாள் பேக்கிங்கில் வேலை செய்யும் ஒரு பெண்.

படித்தேன். நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு இன்று முதல் காப்பகம் மூடப்படுகிறதாம். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து வேன் வசதியும் கிடையாதாம். கீழே மானேஜர் கையெழுத்து. அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்தது திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். பாதிக்கு மேல் பெண்கள். எனக்கு ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதும் வேலை. "காப்பகம் இருக்குது, வேன் இருக்குது, கவலையில்லாம வாம்மா" என்று சொல்லித்தான் எங்களை வேலைக்கு எடுத்தார்கள். வேன் ஓட ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அன்று பகல் முழுவதும் குழந்தை என் மேஜைக்கு அடியில், அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்த இடத்தில் கிடந்தது. பஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டே இருந்தது. மத்தியானம் மானேஜர் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். "இதை டைப் அடிச்சு இருபத்து மூணு காபி எடும்மா. காப்பகத்துல குழந்தை விடறவங்ககிட்ட கையெழுத்து வாங்கணும்."

அது ஒரு சம்மதக் கடிதம். "காப்பக வசதி எனக்குத் தேவையில்லை, அதற்குப் பதிலாக மாதம் 300 ரூபாய் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று இருந்தது. என் கையாலேயே டைப் அடித்தேன். இருபத்து மூன்றாவது காபி எனக்கு!

"அவங்க குடுத்தது, அவங்களே நிறுத்திக்கறாங்க"

வீட்டுக்கு வந்ததும் அழுகைதான் வந்தது. என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். வீட்டு லோன், மாதச் சீட்டு என்று இரண்டு சம்பளமும் இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடும். மாமியாருக்கு முழங்கால் வலி, தவழ்ந்து ஓடுகிற குழந்தையைத் துரத்திப் பிடிக்க அவரால் ஆகாது. வேலையை விட்டால் சீட்டுப் பணத்துக்கு வழி இல்லை. விடாவிட்டால் குழந்தைக்கு இடம் இல்லை.

"என்ன பண்றது? அவங்க குடுத்தது, அவங்களே நிறுத்திக்கறாங்க. நாம கேக்க முடியுமா?" என்றார் கணவர்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நம்மில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. சம்பளம் நம் உரிமை. மற்றதெல்லாம் முதலாளியின் தயவு. தயவு எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம்.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். தொழிலாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டியா அம்மிணி?"

"இல்லீங்க பெரியப்பா."

"நல்ல வேளை. உக்காரு."

மூன்று டப்பா

அவர் சொன்ன விதம் இன்றும் மறக்கவில்லை. "சமையல்கட்டுல மூணு டப்பா வெச்சிருக்கேன்னு வெச்சுக்க. கம்பெனி குடுக்கற ஒவ்வொண்ணையும் இந்த மூணுல எதுல போடறதுன்னு பாரு. அப்புறம் அதை எடுக்கலாமா கூடாதான்னு உனக்கே தெரிஞ்சு போகும்."

முதல் டப்பா, சட்டம் கொடுத்தது. மகப்பேறு விடுப்பு, பி.எஃப்., கிராஜுவிட்டி, சட்டப்படியான போனஸ், காப்பகம் எல்லாம் இதில் சேரும். இவற்றை முதலாளி கொடுப்பது போலத் தோன்றினாலும் கொடுப்பது சட்டம். முதலாளியின் கை வழியாக வருகிறது, அவ்வளவுதான். அவர் நினைத்தால் கூட்டலாம், குறைக்க முடியாது. நாமே "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து சட்டத்தின் முன் நிற்காது.

"1961ஆம் வருஷத்து மகப்பேறு சட்டத்துல 2017ல திருத்தம் பண்ணினாங்க. அம்பது பேருக்குக் குறையாம வேலை செய்யற இடத்துல காப்பகம் இருக்கணும். ஒரு நாளைக்கு நாலு தடவை தாய் போய்க் குழந்தையைப் பாக்கலாம். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமும், முப்பது பெண்களுக்கு மேல இருந்தா காப்பகம் வேணும்னு சொல்லுது. உங்க கம்பெனியில எத்தனை பெண்கள்?"

"நூத்தி இருபது பேருங்க."

"பின்னே என்ன! சட்டம் காப்பகம் வெக்கச் சொல்லுதே தவிர, முன்னூறு ரூவாயைக் குடுத்துட்டுப் பூட்டச் சொல்லலை."

இரண்டாவது டப்பா, பேசி முடித்தது அல்லது பழகிப் போனது. வேலை உத்தரவில் எழுதியது, யூனியனோடு ஒப்பந்தம் போட்டது, பல வருஷமாக விடாமல் நடந்து வருவது எல்லாம் இதில் அடக்கம். வேன், டீ, இலவசச் சாப்பாடு, படிகள், வேலை நேரம் போன்றவை. இவற்றை மாற்றவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி யோசித்துவிட்டுக் காலையில் போர்டில் ஒட்டி மாற்ற முடியாது.

அப்போது நடைமுறையில் இருந்தது 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டம். அதன் 9ஏ பிரிவு, சம்பளம், படிகள், பி.எஃப். பங்கு, வேலை நேரம், விடுப்பு போன்றவற்றைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற நினைக்கும் முதலாளி முறைப்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுத்த 21 நாளுக்குள் மாற்றக்கூடாது என்றது. வழக்கமாகக் கொடுத்து வந்த சலுகையை நிறுத்துவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த 21 நாள் எதற்காக? நாம் யோசிக்க, கூடிப் பேச, ஆட்சேபம் சொல்ல.

"சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போன சங்கதி இது. அசாம்ல இண்டியன் ஆயில் கார்ப்பரேஷன் தொழிலாளிங்களுக்கு ஈட்டுப்படி ஒண்ணு குடுத்துட்டு இருந்தாங்க. நோட்டீஸ் குடுக்காம நிறுத்திட்டாங்க. அது செல்லாதுன்னு 1975ல தீர்ப்பு ஆச்சு. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படின்னா, உங்க கம்பெனி வேனுக்கு?"

எங்கள் போர்டில் ஒட்டிய தேதிக்கும் ஒன்றாம் தேதிக்கும் நடுவில் மூன்று வாரம்கூட இல்லை.

மூன்றாவது டப்பா, மனசு வைத்துக் கொடுத்தது. "பெரியப்பா, போன தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு புடவை குடுத்தாங்க. இந்த வருஷம் அதுவும் இல்லைன்னு பேச்சு" என்றேன்.

சிரித்தார். "ஒரு தடவை குடுத்த புடவைக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது அம்மிணி. அது அன்பளிப்பு. ஆனா லாபமோ நஷ்டமோ, வருஷம் தவறாம ஒரே மாதிரி நெடுங்காலம் குடுத்துட்டு வந்தா, அது வழக்கம்னு ஆயிரும். அப்ப மூணாவது டப்பாவுல இருந்து ரெண்டாவது டப்பாவுக்கு வந்துரும்."

நாங்கள் செய்தது

மறுநாள் குழந்தையைப் பக்கத்துத் தெருப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனேன். மத்தியானம் பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. சாயந்திரம் காய்ச்சலே வந்துவிட்டது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்கத் தினம் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று சட்டத்தில் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்!

அதற்குள் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மீதிப் பேரிடம் சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன். பயம்தான். "நமக்கெதுக்குங்கக்கா வம்பு? வேலை போயிட்டா?" என்றார்கள். பெரியப்பா ஒரு யோசனை சொல்லியிருந்தார். "சண்டை போடாதீங்க. கேள்வி கேளுங்க. ஒருத்தி கேக்காதே, எல்லாரும் சேர்ந்து கேளுங்க. வாயால கேக்காதே, எழுத்துல கேளு."

அப்படியே எழுதினோம். காப்பகம் எந்தச் சட்டப்படி மூடப்பட்டது, வேனை நிறுத்த 21 நாள் நோட்டீஸ் ஏன் கொடுக்கவில்லை, இரண்டு கேள்விதான். மரியாதையான கடிதம். கையெழுத்துப் போட்டிருந்த எட்டுப் பேரில் நாலு பேரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். வேனில் வருகிறவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு காபியை ஆபீசில் கொடுத்து, இன்னொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கினேன்.

மானேஜர் என்னை மட்டும் கூப்பிட்டார். "நீயுமாம்மா? சம்பளக் கணக்கு எழுதறவளே இப்படிப் பண்ணலாமா?"

கால் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டேன். "அதனாலதான் சொல்றேனுங்க சார். நாளைக்கு ஆய்வாளர் வந்து கேட்டா, ரெஜிஸ்டரை எடுத்துக் குடுக்கப் போறது நான். பெண்கள் எத்தனை பேர்னு அதுல என் கையெழுத்துலதான் இருக்குது."

அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் வெளிநாட்டுப் பையர் ஆடிட் வேறு வர இருந்தது. காப்பகம் இருக்கிறதா என்பதை அவர்களும் பார்ப்பார்கள்.

ஆகஸ்டு 27ஆம் தேதி காப்பகத்தின் பூட்டு திறந்தது. ஆயா பழையபடி வாசலில் நின்று குழந்தையை வாங்கிக்கொண்டபோது, எனக்குப் பேச்சு வரவில்லை.

வேன் விஷயம் அப்படி முழுசாகக் கிடைக்கவில்லை. முறைப்படி புது நோட்டீஸ் ஒட்டினார்கள். டீசல் விலையைக் காட்டினார்கள். நாங்களும் உட்கார்ந்து பேசினோம். தூரத்து ஊர்க்காரர்களுக்கும், இரவு ஷிப்டு முடிந்து போகிறவர்களுக்கும் வேன் தொடரும். டவுன் பஸ்ஸில் வரக்கூடியவர்களுக்கு மாதம் 400 ரூபாய் பயணப்படி என்று முடிவாகி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு வேன் போய்விட்டது. ஆனாலும் வருத்தமில்லை. கேட்காமல் பறித்ததற்கும் பேசி மாற்றியதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

மானேஜர் ஆறு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவசரப்பட்ட தங்கை

ஒரே ஒரு வருத்தம் இன்னும் மனசில் இருக்கிறது. நோட்டீஸ் படித்துக் காட்டச் சொன்னாளே, அந்தப் பேக்கிங் பெண், அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நாங்கள் கடிதம் கொடுத்தது அவளுக்குத் தெரியாது. காப்பகம் திறந்ததைச் சொல்லி அனுப்பினேன். அதற்குள் அவள் இடத்தில் வேறு ஆள்.

அவள் சேர்ந்து நாலு வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் தொடர்ந்த வேலை வேண்டும். பத்து மாதம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும். கடைசியாக வாங்கிய மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷக் கணக்கால் பெருக்க வேண்டும். 9,000 ரூபாய் என்றால் ஐந்து வருஷத்துக்குச் சுமார் 26,000 ரூபாய். அவளைப் போன்றவளுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! கணக்கு எழுதுகிற எனக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் சொல்ல எனக்குத்தான் தோன்றவில்லை.

இன்றைய சட்டம்

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் பல, நான்கு சட்டத் தொகுப்புகளாகி நடைமுறைக்கு வந்துவிட்டன. பெயரும் பிரிவு எண்ணும் மாறினாலும், இங்கே சொன்ன அடிப்படை மாறவில்லை. 1947ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 வந்திருக்கிறது. அதன் 40ஆம் பிரிவில் அதே நோட்டீசும் அதே 21 நாளும் இருக்கின்றன. மகப்பேறு விடுப்பு, காப்பகம், கிராஜுவிட்டி மூன்றும் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன. காப்பகத்துக்கு ஐம்பது பேர் என்ற கணக்கும் அப்படியே.

இளம் தாய்மார்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம், இரண்டு குழந்தைகள் இருக்கும்போது அடுத்த பிரசவத்துக்கு 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பிரசவத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு இந்தப் பணம் அந்த வழியாக வரும். முக்கியமாக, நீங்கள் பிரசவ விடுப்பில் இருக்கும்போது உங்களை வேலையிலிருந்து நீக்கவோ, உங்கள் வேலை நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றவோ கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 21 நாள் நோட்டீஸ் விதி தொழிலாளிகளுக்கும் குமாஸ்தா போன்றவர்களுக்கும்தான். மானேஜர் மாதிரி நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வேலை உத்தரவில் எழுதியிருப்பதுதான் ஆதாரம். அதில் 'நிர்வாகம் தன் விருப்பப்படி மாற்றலாம்' என்ற வரி இருக்கிறதா என்று சேரும்போதே பாருங்கள். ஆனால் முதல் டப்பாவில் இருப்பதை அந்த வரியாலும் தொட முடியாது.

கவனத்தில் வைக்க

* வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, நோட்டீஸ் போர்டின் போட்டோ, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். நகைச் சீட்டு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

* வாயால் சொன்ன வாக்கை எழுத்தில் கேளுங்கள். "நீங்க சொன்னபடி காப்பகமும் வேனும் உண்டுதானே சார்?" என்று செல்போனில் ஒரு செய்தி அனுப்பி, பதில் வந்தால் அழிக்காமல் வையுங்கள்.

* எந்தச் சம்மதக் கடிதத்திலும் நின்ற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுல காட்டிட்டு நாளைக்குத் தர்றேன்" என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

* பி.எஃப். கட்ட வேண்டியிருக்கிறது என்பதைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கக்கூடாது. அப்படி யாராவது சொன்னால் விசாரியுங்கள்.

* கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். சேர்ந்த தேதியை எடுத்து, எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

* தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

என் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் வேறு கம்பெனியில் அதே சம்பளக் கணக்குதான் எழுதுகிறேன். புதிதாக ஒரு பெண் சேர வந்தால், பேரும் முகவரியும் எழுதிக்கொண்டு, அவள் கையில் வேலை உத்தரவைக் கொடுக்கும்போது, "உக்காந்து ஒரு தடவை முழுசாப் படிச்சுட்டுப் போம்மா. அவசரம் இல்லை" என்று சொல்வேன். படிக்கத் தெரியாதவளாக இருந்தால் நானே படித்துக் காட்டுவேன். அந்தப் பேக்கிங் பெண்ணுக்குச் செய்யாமல் விட்டதை, வருகிறவர்களுக்காவது செய்கிறேன்.